2014ஆம் வருஷக் கடன் இப்போது வந்து கதவைத் தட்டுகிறது: கட்டுவதா, மறுப்பதா?

ராத்திரி_ஷிப்ட் | 11 மார்ச் 2025, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போகிறவன்தான், முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 36. நானும் மனைவியும் சிங்கப்பூரில், ஈசூன் பக்கம் மறுவிற்பனை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓடிபி (வீடு வாங்கும் உரிமைப் பத்திரம்) போடுவதற்கு முன்னால் வங்கியில் ஐபிஏ (வீட்டுக்கடனுக்குக் கொள்கையளவிலான ஒப்புதல்) கேட்கலாம் என்று விண்ணப்பித்தோம். நாலே நாளில் 'வருந்துகிறோம்' என்று கடிதம். காரணம் எதுவும் இல்லை. முன்பணம் இன்னும் கைமாறவில்லை, அந்த மட்டும் நிம்மதி.

கடிதத்தோடு சிபிஎஸ் (சிங்கப்பூர்க் கடன் தகவல் நிலையம்) அறிக்கையை இலவசமாக எடுக்கலாம் என்றிருந்தது. சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) போட்டு எடுத்தேன். மேலே எல்லாம் சுத்தம். கீழே வந்தால், கடன் தவறிய பதிவு ஒன்று: கிரெடிட் கார்டு, 2014, 1,870 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பாக்கி இன்னும் கட்டப்படவில்லை.

யோசித்துப் பார்த்ததில் ஞாபகம் வந்தது. 2012இல் துவாஸில் முதல் வேலை. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் மேசை போட்டு, கார்டுக்குக் கையெழுத்துப் போட்டால் பயணப் பெட்டி இலவசம் என்றார்கள். போட்டேன். 2014இல் வேலை போய் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன், கார்டு பாக்கி நின்றுபோனது. அப்புறம் 2016 வாக்கில் கலெக்‌ஷன் ஏஜென்ஸி ஒன்று போன் செய்து, குறைத்துப் பேசி, நான் ஏஎக்ஸ்எஸ் மெஷினில் (பில் கட்டும் இயந்திரம்) தவணையாகக் கட்டினதாக நினைவு. சத்தியமாக நினைவு மட்டும்தான். கையில் ஒரு தாள் கிடையாது.

போன மாதம் வேறொரு ஏஜென்ஸியிடமிருந்து கடிதம் வந்தது. அதில் 4,312 வெள்ளி. ஏதோ மோசடி என்று குப்பையில் போட இருந்தேன், நல்லவேளை போடவில்லை.

கேள்வி இரண்டு. ஒன்று, வேலையிடத்து நண்பன் ஒரு வீடியோ காட்டினான். 'கடனை நிரூபி' என்று கடிதம் போட வேண்டுமாம், 30 நாளில் நிரூபிக்காவிட்டால் பதிவை அழித்தே ஆக வேண்டுமாம். இங்கே அது எடுபடுமா? இரண்டு, மனைவி சொல்கிறாள், 'அந்த 1,870ஐக் கட்டித் தலைமுழுகு, வீடு முக்கியம்' என்று. கட்டிவிட்டால் பதிவு போய்விடுமா?

---

கோப்பி_ஓ_கோசோங் | 11 மார்ச், இரவு 11.41

பெட்டி இன்னும் இருக்கா ப்ரோ? என்னோடது முதல் பயணத்துலயே, ஜோகூர் பாரு தாண்டறதுக்குள்ள சக்கரம் கழண்டுடுச்சு.

சும்மா சொன்னேன். விஷயம் தெரிஞ்சவங்க வருவாங்க, இரு.

---

தகவல்புலி | 12 மார்ச், காலை 7.05

கட்டவே கட்டாதே! நண்பன் சொன்னது சரி. 609 கடிதம் என்று தேடிப் பார். பதிவுத் தபாலில் அனுப்பு. அசல் ஒப்பந்தத்தில் உன் கையெழுத்தைக் காட்டச் சொல். காட்ட முடியாது அவர்களால். மேலும் 7 வருஷம் ஆனால் எந்தக் கடனும் அறிக்கையிலிருந்து தானாக விழுந்துவிடும். 2014 என்றால் எப்போதோ விழுந்திருக்க வேண்டும், அதுவே சட்டமீறல்.

---

கோப்புக்காரி | 12 மார்ச், காலை 8.30

தகவல்புலி, நீங்கள் சொல்வது சட்டம்தான், ஆனால் வேறு நாட்டுச் சட்டம்.

நான் சட்ட நிறுவனத்தில் எழுத்தர். வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 30 நாள் கணக்கு அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுக் கடன் வசூல் சட்டத்தில் இருக்கிறது. அங்கேகூட வங்கியை அது கட்டாது, வசூல் ஏஜென்ஸியைத்தான் கட்டும். ஏஜென்ஸி நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் மறுத்தால், கடனை உறுதிப்படுத்தும்வரை அவர்கள் வசூலை நிறுத்திவைக்க வேண்டும். அவ்வளவுதான், 'அழித்தே ஆக வேண்டும்' என்பது வீடியோக்காரர் சேர்த்த மசாலா. 609 என்பது 1970ஆம் ஆண்டுக் கடன் அறிக்கைச் சட்டத்தின் பிரிவு. உங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமையைத்தான் அது பேசுகிறது, அழிப்பதைப் பற்றி இல்லை. 7 வருஷமும் அந்த ஊர் கணக்கே. நம் தீவில் இந்த மூன்றுமே செல்லாது.

ராத்திரி_ஷிப்ட், அந்த வாசகத்தை அப்படியே வங்கிக்கு அனுப்பிவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கொண்டுவந்து காட்டினார், கடிதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்கு நகல் என்று போட்டிருந்தது. புக்கிட் பாத்தோக் விலாசத்திலிருந்து!

---

முன்னாள்_வசூல் | 12 மார்ச், மதியம் 1.15

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். வங்கி ஒன்றின் கலெக்‌ஷன்ஸ் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தேன், இப்போது வேறு துறை. தம்பி கேட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதில்தான் பலபேர் வழுக்கி விழுகிறார்கள்.

கட்டினால் பதிவு போகாது. பாக்கி இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும், பத்து வருஷமானாலும் சரி. கட்டி முடித்த பிறகு 'தீர்க்கப்பட்டது' என்று மாறி, தீர்த்த நாளிலிருந்து 3 வருஷம் நிற்கும். முழுத்தொகை கட்டினாலும் அப்படித்தான், பேசிக் குறைத்துத் தீர்த்தாலும் அப்படித்தான்.

இப்போது உன் கதைக்கு வா. 2016இல் நீ நிஜமாகவே தீர்த்திருந்தால், அந்தப் பதிவு 2019இலேயே மறைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இந்த வாரம் 1,870 வெள்ளி கட்டினாயானால், தீர்த்த தேதி மார்ச் 2025 என்று விழும். 2028 வரை சுமப்பாய். ஒரே கடனை இரண்டு தடவை கட்டி, மூன்று வருஷத் தண்டனையையும் நீயே விலைக்கு வாங்கின மாதிரி. அதனால் வீட்டுக்காரம்மாவிடம் சொல், இரண்டு மாதம் பொறுக்கச் சொல்.

2016இல் கட்டியும் ஏன் பாக்கி என்று காட்டுகிறது? நான் பார்த்த வரையில் வழக்கமான காரணம் ஒன்று. கணக்கை வங்கி நட்டம் என்று எழுதித் தள்ளும்போது, கார்டு எண் போய் வேறு உள்கணக்கு எண் வரும். ஏஜென்ஸி பழைய கார்டு எண்ணைப் போட்டுப் பணத்தை அனுப்பும். பணம் வங்கிக்குள் வரும், ஆனால் எந்தக் கணக்கிலும் உட்காராமல் ஒரு மூலையில் கிடக்கும். யாரும் திருட வேண்டியதில்லை, ஓர் எண் மாறினால் போதும். ஏஜென்ஸியே முழுங்கிய கதையும் உண்டு, அது அரிது.

செய்ய வேண்டியது:

முதலில், சிபிஎஸ்ஸில் அந்தப் பதிவை மறுத்து விண்ணப்பம் போடு. அவர்களாக எதையும் மாற்ற மாட்டார்கள், வங்கிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். கடன் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதும் அவர்கள் இல்லை, அது வங்கியின் வேலை. கவுண்டரில் போய்க் கத்திப் பிரயோசனமில்லை.

கூடவே வங்கிக்கு நேராக எழுது. கணக்கு அறிக்கைகள், எழுதித் தள்ளிய தேதி, கடைசியாகப் பணம் வந்த தேதி, எந்த எந்த ஏஜென்ஸியிடம் கோப்பு போனது, எல்லாம் கேள். எழுதும்போது 'என் கடன்' என்று எழுதாதே. 'நீங்கள் குறிப்பிடும் கணக்கு' என்று எழுது. ஏன் என்று கோப்புக்காரி சொல்லட்டும், எனக்கு மீட்டிங்.

---

தோபாயோ_மாமா | 12 மார்ச், மாலை 6.50

வாங்கித் தின்றவன் கட்ட வேண்டும். எங்கள் காலத்தில் கோமளாசில் கணக்கு வைத்துச் சாப்பிட்டால்கூட மாதம் பிறந்ததும் முதலில் போய் அதைத்தான் கொடுப்போம். இப்போது கடன் வாங்குவது, பிறகு 'நிரூபி' என்பது. என்ன நியாயம் இது?

---

மழைக்காகம் | 12 மார்ச், இரவு 8.12

மாமா, தம்பி கட்டிட்டேன்னுதானே சொல்றார். கட்டினதைக் கட்டலன்னு எழுதியிருக்கு, அதைக் கேக்கறார். கோமளாஸ்ல நீங்க காசு கொடுத்த பிறகும் நோட்ல அடிக்காம விட்டா சும்மா இருப்பீங்களா?

என் கதை சொல்றேன், யாருக்காவது உபயோகப்படட்டும். 2009ல தனிநபர் கடன், கடைசியா கட்டினது 2011. எட்டு வருஷம் கழிச்சு 2019ல ஒருத்தர் போன் பண்ணார். ரொம்ப மரியாதையான பேச்சு. 'அக்கா, முழுசா வேணாம். நல்லெண்ணத்துக்கு 50 வெள்ளி கட்டுங்க, நான் கோப்புல எழுதி மேலிடத்துல பேசறேன்'னார். 50 தானேன்னு போன்லயே பேநவ்ல பணம் அனுப்பிட்டேன். அடுத்த மாசம் வக்கீல் கடிதம் வந்துச்சு. அந்த 50 வெள்ளியால என்ன ஆச்சுன்னு அப்புறம்தான் ஒருத்தர் விளக்கினார், வயிறு எரிஞ்சது.

---

கோப்புக்காரி | 12 மார்ச், இரவு 9.40

மழைக்காகம் அக்காவுக்கு நடந்ததுதான் பதில். காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 வருஷம். பொதுவாகக் கட்டத் தவறிய நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் இடையில் ஒரு பகுதி கட்டினாலோ, 'ஆமாம், இது என் கடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அந்த நாளிலிருந்து எண்ணிக்கை புதிதாக ஆரம்பிக்கும். அந்த 50 வெள்ளி நல்லெண்ணத்துக்கு இல்லை அக்கா, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கு.

இன்னொன்று. 6 வருஷம் தாண்டிவிட்டது என்பதால் வழக்கு தானாக விழுந்துவிடாது. நம் சட்டத்தில், காலம் கடந்தது என்று நீங்களே எதிர்வாதத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நீதிமன்றம் உங்களுக்காக எடுத்துப் பேசாது. அதனால் நீதிமன்றத் தாள் கைக்கு வந்தால், 'பழைய கடன்தானே' என்று அலமாரியில் வைக்காதீர்கள். எதிர்க்கப் போகிறேன் என்று தெரிவிக்க 14 நாள்தான். தவறவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. தீர்ப்பு வந்துவிட்டால் 6 வருஷக் கணக்கு போயே போச்சு, தீர்ப்பை வைத்து நடவடிக்கை எடுக்க 12 வருஷம்.

ராத்திரி_ஷிப்ட் 2016இல் கடைசியாகக் கட்டியிருந்தால் 2022இலேயே 6 வருஷம் முடிந்தது. வழக்கைப் பற்றி நான் பெரிதாகப் பயப்பட மாட்டேன்.

---

முன்னாள்_வசூல் | 12 மார்ச், இரவு 10.22

சரி. ஆனால் ஒரு சின்ன வேறுபாடு. காலவரம்பு நீதிமன்றத்தில் கேடயம், சிபிஎஸ் அறிக்கையில் அதற்கு வேலையில்லை. காலம் கடந்த கடனும் கடன்தான், கட்டாத வரை பதிவு நிற்கும். 'ஆறு வருஷம் ஆச்சு, அழி' என்று கேட்க வழியில்லை. வீடு வாங்க நினைக்கிறவனுக்குக் கேடயத்தை மாட்டிக்கொண்டு உட்காருவதில் பாதி லாபம்தான்.

அதனால்தான் தம்பியின் வழக்கு கொஞ்சம் வேறு. கடனை மறுக்க வேண்டாம், அதன் நிலையையும் தேதியையும் மறுக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும்.

---

கோப்புக்காரி | 12 மார்ச், இரவு 10.47

ஒப்புக்கொள்கிறேன். சான்று இல்லாவிட்டாலும் ஒரு கதவு இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2012. ஒவ்வொரு நிறுவனத்திலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கு மின்னஞ்சல் போட்டு உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்கலாம், தவறு இருந்தால் திருத்தவும் கேட்கலாம். 30 நாளுக்குள் கொடுக்க முடியாவிட்டால், எப்போது கொடுப்போம் என்றாவது அந்த 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். சின்னக் கட்டணம் கேட்கலாம். அமெரிக்க வீடியோவில் வரும் 'நிரூபி' கடிதத்துக்கு நம் ஊரில் கிட்டத்தட்ட ஈடு இதுதான். வாடிக்கையாளர் சேவைக்குப் போடும் மின்னஞ்சலைவிட இதற்கு மரியாதை கொஞ்சம் அதிகம், அனுபவத்தில் சொல்கிறேன்.

புது ஏஜென்ஸிக்கும் ஒரு வரி: எந்த வங்கிக்காக வசூலிக்கிறீர்கள், இல்லை கடனையே வாங்கிவிட்டீர்களா, வாங்கியிருந்தால் உரிமை மாற்றிய அறிவிப்பு எங்கே, 4,312 எப்படி வந்தது? கடனை வேறொருவருக்கு முறைப்படி மாற்றினால் கடனாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

---

ராத்திரி_ஷிப்ட் | 13 மார்ச், காலை 6.10

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் படிக்கிறேன், கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் நன்றி. இன்றே சிபிஎஸ் விண்ணப்பமும் வங்கிக்குக் கடிதமும்.

---

புது_பிஆர் | 13 மார்ச், காலை 10.02

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும் சார். நான் கோவையிலிருந்து வந்து மூன்று வருஷம். ஊரில் சிபில் கடன் மதிப்பெண் 790 எனக்கு. அதை இங்கே காட்டலாமா? ஊரில் தவறைத் திருத்த 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இங்கே அப்படி உண்டா?

---

முன்னாள்_வசூல் | 13 மார்ச், மதியம் 1.05

சிபில் இங்கே செல்லாது. அளவுகோலே வேறு: இங்கே 1000 முதல் 2000 வரை, அதோடு ஏஏ முதல் எச்எச் வரை எழுத்துத் தரமும் உண்டு. ஏஏ நல்லது. 790ஐப் பார்த்து எங்கள் ஆட்கள் மயங்கி விழுவார்கள்.

நாளுக்கு 100 ரூபாயெல்லாம் இங்கே நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் 2021இலிருந்து கடன் தகவல் நிலையங்கள் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமத்தின் கீழ் வந்துவிட்டன, தன் பதிவைப் பார்க்கவும் திருத்தவும் கேட்பது உரிமை. முன்பு கெஞ்சுவது போல இருக்கும்.

---

செண்பகம்_57 | 14 மார்ச், பிற்பகல் 3.30

தம்பிகளா, எனக்கும் ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் கார்டு பாக்கிக்கு எனக்குக் கடிதம் வருகிறது. என் பெயரில்லை, அவர் பெயர்தான். நான் கட்ட வேண்டுமா? மசேநிதிப் (மத்திய சேம நிதி) பணத்தை எடுத்துவிடுவார்களோ என்று தூக்கமில்லை.

---

கோப்புக்காரி | 14 மார்ச், மாலை 4.15

அம்மா, பயப்படாதீர்கள். மனைவி என்பதற்காக மட்டும் கணவர் கடன் உங்கள்மேல் ஏறாது. நீங்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, ஜாமீன் நின்றிருந்தாலோ, துணை அட்டை வைத்திருந்தாலோ மட்டும் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அவர்கள் கேட்க முடியும். மசேநிதிச் சேமிப்பு அந்தச் சொத்தில் சேராது, கடன்காரர்கள் தொட முடியாது.

இறப்புச் சான்றிதழ் நகலோடு வங்கிக்கு ஒரு கடிதம் போடுங்கள். 'நான் கட்டுகிறேன்' என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். நேரில் யாரிடமாவது காட்ட வேண்டுமென்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய்ச் சொல்லுங்கள், இலவசச் சட்ட ஆலோசனைக்கு அனுப்பிவைப்பார்கள்.

---

செண்பகம்_57 | 14 மார்ச், மாலை 4.40

நல்லா இருப்பே தாயி.

---

பதிவு_சுத்தம் | 15 மார்ச், இரவு 2.11

எந்தப் பழைய பதிவையும் 7 நாளில் நீக்கித் தருகிறோம். 100 சதவீத உத்தரவாதம். டெலிகிராமில்

மட்டுறுத்துநர் | 15 மார்ச், காலை 7.30

மேலே உள்ள கணக்கு முடக்கப்பட்டது, இணைப்பு நீக்கப்பட்டது. சிங்பாஸ் விவரம் கேட்பவன் யாராக இருந்தாலும் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

---

கோப்பி_ஓ_கோசோங் | 15 மார்ச், காலை 9.00

ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற உத்தரவாதம் எல்லாம் இந்த லட்சணம்தான் லா.

---

ராத்திரி_ஷிப்ட் | 29 மார்ச், இரவு 9.55

நிலவரம் சொல்கிறேன்.

வங்கியிலிருந்து பதில் வந்தது. கணக்கு அறிக்கை இணைத்திருந்தார்கள். பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வாங்கிச் செலவழித்தது 600 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மிச்சமெல்லாம் வட்டி, தாமதக் கட்டணம், அதற்கு மேல் ஆண்டுக் கட்டணம். வேலையில்லாத ஏழு மாதத்தில் ஒரு கடிதத்தையும் நான் பிரிக்கவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது, தோபாயோ மாமா திட்டலாம்.

2016 பற்றி ஒரே வரி: 'எங்கள் பதிவுகளின்படி தீர்வுத்தொகை எதுவும் பெறப்படவில்லை.' ஏஎக்ஸ்எஸ் ரசீது இருந்தால் அனுப்பச் சொல்கிறார்கள்.

அம்மா வீட்டுக்குப் போனேன், உட்லண்ட்ஸ். அம்மா எந்தத் தாளையும் எறிய மாட்டார். பிஸ்கட் டின்னில் என் ஓ நிலைச் சான்றிதழுக்குக் கீழே மூன்று ஏஎக்ஸ்எஸ் ரசீதுகள் இருந்தன! ஆனால் மூன்றும் வெறும் வெள்ளைத் தாள். அந்த மெஷின் தாளில் மை காலப்போக்கில் பறந்துவிடுமாம். விளக்கில் பிடித்துப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

---

முன்னாள்_வசூல் | 29 மார்ச், இரவு 10.10

எந்தக் கணக்கிலிருந்து கட்டினாய்? ஏஎக்ஸ்எஸ் மெஷினில் ரொக்கம் போட்டிருக்க முடியாது, நெட்ஸ் கார்டு (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் எடுக்கும் அட்டை) சொருகியிருப்பாய்.

---

ராத்திரி_ஷிப்ட் | 29 மார்ச், இரவு 10.31

அம்மாவும் நானும் சேர்ந்து வைத்திருந்த சேமிப்புக் கணக்கு. அண்ணே, பாஸ்புக்!!! அம்மா மாதா மாதம் வரிசையில் நின்று பாஸ்புக் அச்சடிப்பார். நாளைக் காலை முதல் வேலை.

---

ராத்திரி_ஷிப்ட் | 30 மார்ச், காலை 11.48

இருக்கிறது. ஜூன் 2016இல் 400, ஜூலையில் 400, ஆகஸ்டில் 300. மொத்தம் 1,100. தேதியோடு, தொகையோடு, பாஸ்புக்கில் அழியாமல். ஆகஸ்ட் 300க்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் 'தம்பி கடன் முடிஞ்சது' என்று எழுதிவைத்திருக்கிறார். எனக்கு ஞாபகமில்லை, அவருக்கு இருந்திருக்கிறது.

---

மழைக்காகம் | 30 மார்ச், மதியம் 12.05

பென்சில் எழுத்தை வங்கி ஏத்துக்காது, ஆனா நான் ஏத்துக்கறேன். 😭

---

முன்னாள்_வசூல் | 30 மார்ச், மதியம் 12.40

அருமை. பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பு, அசலைக் கையை விட்டு விடாதே. கடிதத்தில் இதைக் குறிப்பாகக் கேள்: 'இந்த மூன்று தேதிகளில் அந்த ஏஜென்ஸியிடமிருந்து வந்து, எந்தக் கணக்கிலும் சேராமல் நிற்கும் தொகைகளைத் தேடவும், பழைய கார்டு எண்ணைக் கொண்டும் தேடவும்.' பொதுவாக 'விசாரிக்கவும்' என்று எழுதினால், உன் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். எங்கே தேட வேண்டும் என்று நீ சொல்ல வேண்டும். திருத்தும்போது தீர்வுத் தேதி ஆகஸ்ட் 2016 என்று போட வேண்டும் என்பதையும் எழுது. இல்லாவிட்டால் திருத்திய தேதியையே தீர்த்த தேதி என்று போட்டுவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

---

தகவல்புலி | 30 மார்ச், பிற்பகல் 2.20

ஒத்துக்கொள்ளாவிட்டால்?

---

கோப்புக்காரி | 30 மார்ச், பிற்பகல் 2.55

வங்கியின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்கி, அதிலிருந்து 6 மாதத்துக்குள் ஃபிட்ரெக்கில் (நிதித்துறைச் சச்சரவுகளைத் தீர்க்கும் மையம்) புகார். முதலில் சமரசம், அது ஆகாவிட்டால் தீர்ப்பாளர். 'ஏன் எனக்குக் கடன் தரவில்லை' என்று அங்கே போக முடியாது, அது வங்கியின் வியாபார முடிவு. 'கட்டின பணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை' என்று போகலாம். ஏஜென்ஸிமேல் நேராக அங்கே போக முடியாது, வங்கிமேல்தான்.

---

ராத்திரி_ஷிப்ட் | 8 ஏப்ரல், இரவு 7.30

இடையில் ஒரு தொல்லை. புது ஏஜென்ஸிக்காரர் வாட்ஸ்அப்பில், 'வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் உங்கள் கம்பெனிக்கு வந்து மேலாளரிடம் பேசுவோம்' என்கிறார். மனைவி பயந்துவிட்டாள்.

---

முன்னாள்_வசூல் | 8 ஏப்ரல், இரவு 8.02

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. பதிலுக்கு இரண்டே வரி: 'தொகை சர்ச்சையில் இருக்கிறது, வங்கிக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் வசூல் உரிம எண்ணைத் தெரிவிக்கவும்.' கடன் வசூல் சட்டம் 2023 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வசூல் தொழிலுக்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும், வீதியில் இறங்குகிற ஆளுக்கும் அனுமதி வேண்டும். உரிமம் உள்ளவர்கள் அதை இழக்க விரும்ப மாட்டார்கள், எண்ணைக் கேட்டதும் குரல் இறங்கும். மிரட்டல் எல்லை மீறினால் போலீஸ் புகார். ஆள் உன் வேலையிடத்துக்கு வந்து சத்தம் போட்டால் தொல்லைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

என் காலத்தில் இதெல்லாம் இல்லை. நாங்கள் செய்த சில போன் அழைப்புகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

---

தோபாயோ_மாமா | 8 ஏப்ரல், இரவு 9.15

மேலாளரிடம் போவேன் என்பது அநியாயம். கட்டினவனை மிரட்டுவதா. தம்பி, விடாதே.

---

கோப்பி_ஓ_கோசோங் | 8 ஏப்ரல், இரவு 9.17

மாமா கட்சி மாறிட்டார் லா!

---

ராத்திரி_ஷிப்ட் | 13 மே, காலை 6.25

நேற்று வங்கிக் கடிதம் வந்தது. மூன்று தொகையும் அகப்பட்டன. முன்னாள்_வசூல் அண்ணன் சொன்னதேதான்: பழைய எண்ணில் வந்து, சேராமல் ஒன்பது வருஷம் கிடந்திருக்கிறது. முதல் பதிலில் 'பெறப்படவில்லை' என்று எழுதியதற்கு ஒரு வரி வருத்தம். 1,100க்குப் பேசித் தீர்த்த கணக்கு, தீர்வுத் தேதி ஆகஸ்ட் 2016, பாக்கி பூஜ்யம். தீர்வுக் கடிதம் முத்திரையோடு. சிபிஎஸ்ஸுக்கும் தெரிவித்தாயிற்றாம்.

சில வெள்ளி கட்டிப் புது அறிக்கை எடுத்தேன். கடன் தவறிய பதிவு இருந்த பகுதி காலி. ஏஜென்ஸிக்கு வங்கிக் கடிதத்தை அனுப்பினேன், கோப்பை மூடிவிட்டதாக ஒரே வரி பதில். 4,312 எப்படி வந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஈசூன் வீடு போய்விட்டது, வேறு யாரோ ஏப்ரலிலேயே வாங்கிவிட்டார்கள். மறுபடி பார்க்கிறோம். செம்பவாங் பக்கம் ஒன்று இருக்கிறது, மாடி கொஞ்சம் கீழே.

---

முன்னாள்_வசூல் | 13 மே, மதியம் 1.00

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும்: அந்த வங்கியிலேயே வீட்டுக்கடன் கேட்காதே. சிபிஎஸ்ஸில் போனாலும் அவர்கள் வீட்டுக் குறிப்பேட்டில் இருக்கும். வேறு வங்கிக்குப் போ. ஒரே வாரத்தில் ஐந்து வங்கியிலும் போடாதே, ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் 2 வருஷம் தெரியும்.

---

மழைக்காகம் | 13 மே, மதியம் 1.30

தீர்வுக் கடிதத்தை போட்டோ எடுத்து வெச்சியா?

---

ராத்திரி_ஷிப்ட் | 13 மே, இரவு 10.50

எடுத்தேன் அக்கா. அசல் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அம்மா பாஸ்புக்கைத் திருப்பிக் கேட்டு மூன்று தடவை போன் செய்துவிட்டார்.